தேக்கங்காட்டை மொத்தமாகக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் புஞ்சை. அதில் நாலு ஏக்கரில் அப்பா 2006-ல் ஆறடிக்கு ஆறடி தேக்கு வைத்தார். மலைப்பக்கம் இரண்டு ஏக்கர் எப்போதும் உழாத காடு. உசிலை, வேங்கை, வாகை எல்லாம் தானாக நிற்கிறது, உள்ளே போக முடியாதபடி உண்ணிச்செடி. மிச்சம் ஒரு ஏக்கர் கிணறும் வீடும். எல்லையில் பனை, அங்கங்கே தானாக முளைத்த சந்தனம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன், அம்மாவும் சித்தப்பா மகனும் ஊரில். ஒரு மர வியாபாரி, தேக்கை மொத்தமாக ஒரு தொகைக்குக் கேட்கிறார், வெட்டுக்கூலி, பெர்மிட் எல்லாம் அவர் பொறுப்பாம். மச்சான் எல்லாவற்றையும் அழித்து வாழை போடலாம் என்கிறார். கார்பன் கிரெடிட் தருகிறோம் என்று ஒரு கம்பெனியும் போன் பண்ணுகிறது. கொடுக்கலாமா, வைத்திருக்கலாமா? வைத்திருந்தால் யாரிடம் போய் யோசனை கேட்பது?

பதில்:

தம்பி, மொத்தமாகக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் வியாபாரி அட்வான்ஸ் தொகையோடு அம்மாவைப் பார்க்க அடுத்த வாரமே வருவார் போலத் தெரிகிறது. அம்மாவுக்கு இன்றைக்கே போன் போட்டு, எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிற்கிற தேக்கு அழுகிப் போவதில்லை. இந்த வருஷம் வெட்டாவிட்டால் அடுத்த வருஷம் கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். அவசரம் வாங்குகிறவருக்கு இருக்கலாம், விற்கிற உங்களுக்கு இல்லை.

அதற்காக அப்படியே விட்டுவைப்பதும் சரியில்லை. வெட்டுவதா வைப்பதா என்று இரண்டு வழிதான் இருப்பதாக நினைக்கிறீர்கள். தேக்கங்காட்டை வைத்திருக்கிறவர் செய்ய வேண்டியது மூன்றாவது வேலை: கலைத்து விடுவது, அதாவது நெருக்கம் குறைய நடுநடுவே சில மரத்தை எடுப்பது. உங்கள் காட்டில் இதுவரை ஒரு தடவைகூட அது நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியதை வைத்தே தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆறுக்கு ஆறடி என்றால் ஒரு கன்றுக்கு 36 சதுர அடி, ஆக ஏக்கருக்கு 1,210 கன்று. நாலு ஏக்கரில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா அப்படி நெருக்கி வைத்ததில் தப்பே கிடையாது. நெருக்கி வைத்தால்தான் தேக்கு பக்கக்கிளை விடாமல் வெளிச்சத்தைத் தேடி நேராக ஏறும். ஆனால் அந்த எண்ணிக்கை கடைசிவரை நிற்பதற்கில்லை. ஐந்தாறு வருஷத்தில் ஒரு தடவை, பத்துப் பன்னிரண்டில் ஒரு தடவை எடுத்து எடுத்து, முப்பது முப்பத்தைந்து வயதில் ஏக்கருக்கு நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது மரம் நிற்க வேண்டும். நாற்றங்காலில் பாவிய நெல்லை அங்கேயே கதிர் வாங்கும்வரை விட்டுவைக்கிற விவசாயி உண்டா? 1990-களில் தேக்கு கம்பெனிகள் ஊர் ஊராக வந்து, நட்டால் போதும் கோடி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நடுவில் எடுக்க வேண்டும் என்று அவர்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் வள்ளியூரிலிருந்து கடையம் வரைக்கும், இருபது வயது ஆகியும் தொடைப் பருமன்கூட இல்லாத தேக்கு இத்தனை நிற்கிறது. உச்சிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதும் வெளிச்சம் போய்விடுகிறது, கீழே வேர்கள் ஒரே தண்ணீருக்கு அடித்துக்கொள்கின்றன, மரம் உயரம் மட்டும் போகிறது, பருக்கமாட்டேன் என்கிறது.

பருமன் ஏன் முக்கியம் என்றால், மர வியாபாரத்தில் பணமே அதில்தான் இருக்கிறது. மரக்கடையில் உருட்டுக்கட்டையை அளப்பது கால் சுற்றளவுக் கணக்கு: கட்டையின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. சுற்றளவை அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்தால் கடைசியில் 144-ஆல் வகுக்க கன அடி வரும். 12 அடி நீளக் கட்டை, சுற்றளவு 24 அங்குலம் என்றால் 3 கன அடி. 36 அங்குலம் என்றால் 6.75. 48 அங்குலம் என்றால் 12. சுற்றளவு இரண்டு மடங்கானால் கன அடி நாலு மடங்கு. அது மட்டுமில்லை, பருத்த கட்டைக்குக் கன அடி விலையும் கூட. காரணம் வைரம், அதாவது மரத்தின் நடுவில் இருக்கிற கெட்டியான பாகம். ஒல்லியான மரத்தில் வெளிப்பக்கத்து வெள்ளைதான் பெரும்பாகம், நடுவில் வைரம் ஒரு விரல் ரெண்டு விரல். அதை அறுத்து நிலை செய்தால் வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்றுவிடும் என்று ஆசாரிக்குத் தெரியும், அதனால் விலை இறங்கும். இன்றைக்கு நீங்கள் மொத்தமாகக் கொடுத்தால், நாளைக்கு 36, 48 ஆகப் போகிற நல்ல மரத்தையும் 24 விலைக்குக் கொடுத்தவர் ஆவீர்கள். வியாபாரி மொத்தமாகக் கேட்பதே அந்த நல்ல மரங்களுக்காகத்தான், சோனி மரத்துக்காக இல்லை.

இந்தக் கால் சுற்றளவுக் கணக்கில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 36 அங்குலம், 12 அடிக் கட்டையில் உண்மையாக இருக்கிற மரம் சுமார் 8.6 கன அடி. கணக்கில் வருவது 6.75. நூற்றுக்கு 78 பங்குதான் எண்ணப்படுகிறது, மிச்சம் அறுவைக் கழிவுக்கு என்று ஏற்கெனவே விட்டாயிற்று. அதற்கு மேலும் பட்டைக் கழிவு, வெடிப்புக் கழிவு, அறுவைக் கழிவு என்று ஒருவர் குறைத்துக்கொண்டே போனால், ஒரே கழிவை இரண்டு தடவை கேட்கிறார் என்று அர்த்தம். பட்டைக்குக் கொஞ்சம் விடுவது நியாயம், மற்றதற்கு விட வேண்டியதில்லை. முறை பழையது, நாடு முழுக்க இருக்கிறது, அதை நாம் மாற்ற முடியாது. விலை பேசும்போது தெரிந்து பேசலாம்.

சரி, உங்கள் காட்டில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐயாயிரம் மரத்தையும் அளக்க வேண்டாம். 66 அடிக்கு 66 அடி ஒரு சதுரம் கயிறு கட்டினால் அது சரியாக 10 சென்ட். நட்டபோது அதற்குள் 121 கன்று இருந்திருக்கும். இப்படி மூன்று கட்டம் போடுங்கள்: நன்றாக வந்த இடத்தில் ஒன்று, சுமாரான இடத்தில் ஒன்று, மோசமான இடத்தில் ஒன்று. வரப்போரத்தில் போடக்கூடாது, ஓரத்து மரத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம் தாராளமாகக் கிடைத்து உள்மரத்தைவிடப் பருத்திருக்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் கனவுதான் மிஞ்சும். கட்டத்துக்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சு மட்டத்தில், தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுத வேண்டும். சரிவில் நிற்கிற மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்று உயரம் பிடிக்கணும். ஒருவர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே வந்தால் விட்ட மரம், இரட்டை அளவு எதுவும் வராது. சித்தப்பா மகனும் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அண்ணாந்து உச்சியைப் பாருங்கள். அதனால்தான் குறி வைக்கிற வேலையைக் கார்த்திகை, மார்கழியில் இலை இருக்கும்போதே செய்யச் சொல்வது. வெட்டுகிற வேலை தை, மாசியில், இலை கொட்டிய பிறகு. உச்சி நசுங்கியது, தண்டு கோணியது, இரட்டைக் கவையாகப் பிரிந்தது, அடியில் பொந்து விழுந்தது, தீயில் வெந்த வடு உள்ளது, இவையெல்லாம் முதலில். பிறகு, இரண்டு நல்ல மரம் ஒட்டி நின்றால் அதில் சுமாரானது. நல்ல மரத்துக்கு எந்தத் தொந்தரவும் தராத சின்ன மரத்தை விட்டுவைத்தால் நஷ்டம் இல்லை. ஒரே தடவையில் பாதிக்குப் பாதி எடுத்துவிடாதீர்கள். இத்தனை வருஷம் நெருக்கத்தில் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்ற மரம், திடீரென்று வெட்டவெளியானால் ஆனி ஆடிக் காற்றில் சாயும். சாயாதது தண்டு முழுக்க நீர்த்துளிர் விட்டு, நாளைக்கு அறுக்கும்போது கணு கணுவாக வரும். இப்போது நாலில் ஒன்று, போனால் மூன்றில் ஒன்று. நாலைந்து வருஷம் கழித்து இன்னொரு தடவை. வெட்டும்போது தரையோடு சேர்த்து வாளால் அறுக்கச் சொல்லுங்கள், கோடாரியால் ஒரு அடி விட்டு வெட்டினால் அந்த ஒரு அடி அடிமரம்தான் மரத்திலேயே பருத்த பாகம், அது விறகாகிப் போய்விடும்.

இப்படி எடுக்கிற மரத்துக்கு வீட்டு நிலை விலை கிடைக்காது. கைமரம், பந்தல் கால், சிறுசட்டம் என்று போகும். அதுவும் பணம்தான், ஒரு வருஷப் பராமரிப்புக்கும் வேலிக்கும் வந்துவிடும். விற்கும்போது செங்கோட்டைப் பக்கம் அறுவை மில்கள் நிறைய, அங்கே இரண்டு பேர், உள்ளூரில் ஒருவர் என்று மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். நிற்கிற மரமாக மொத்தத்துக்கு விலை பேசாமல், வெட்டிப் போட்ட பிறகு உங்கள் நிலத்திலேயே அளந்து, சுற்றளவு வாரியாகக் கன அடி விலை என்று பேசுங்கள். எடுக்கிற மரத்துக்கு நெஞ்சு மட்டத்தில் ஒரு நம்பர், அடிக்கட்டையில் அதே நம்பர், பெயின்ட்டில். லாரி போன பிறகு அடிக்கட்டையில் நம்பர் இல்லாத மரம் இருந்தால் அது திருட்டுப் போனது என்று அப்பவே தெரியும். நிற்கிற நல்ல மரத்தின்மேல் வெட்டிய மரம் விழுந்து முறிந்தால் யார் பொறுப்பு, கிளையும் சுள்ளியும் யாருக்கு, எத்தனை நாளில் இடம் காலியாகணும், பணம் ஏற்றுவதற்கு முன்னாலா பின்னாலா, இத்தனையும் தாளில் இருக்கணும். பணம் ஏற்றுவதற்கு முன்னால்தான்.

இனி தஸ்தாவேஜு. வியாபாரி பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, அந்தப் பேச்சுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். மரம் உங்கள் பட்டாவில் நின்றது. கேஸ் வந்தால் முதல் பெயர் உங்கள் அம்மா பெயராகத்தான் இருக்கும். உங்கள் இடம் சாதாரண இடமில்லை. களக்காடு சரணாலயமும் முண்டந்துறை சரணாலயமும் சேர்ந்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆனவை, அதன் அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறீர்கள். ஆகவே மூன்று விஷயம் எழுத்தில் தெரியணும். உங்கள் சர்வே எண், 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தில் வருகிறதா? வந்தால் அந்தச் சட்டப்படி அமைத்த மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது மட்டுமல்ல, நிலத்தை விற்பதும் குத்தகைக்கு விடுவதும்கூட முடியாது. இரண்டாவது, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உங்கள் கிராமத்துக்குப் பொருந்துமா? மூன்றாவது, காப்பகத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் இருக்கிறதா? இதோடு 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில், யார் பெயரில் பட்டா இருந்தாலும் காடாக இருப்பது காடுதான் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறது. உழாத அந்த இரண்டு ஏக்கரைத் தொடுவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இதற்கு வழி சுற்றிவளைத்ததில்லை. முதலில் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள். பட்டா, புலப்படம், அ-பதிவேடு மூன்றும் இ-சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். அ-பதிவேட்டில் நிலம் என்ன வகைப்பாடு என்று இருப்பதைக் கவனித்துப் படியுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கான அடங்கலில் தேக்கு மரம் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, இல்லை என்றால் ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு இது நான் வளர்த்த மரம், காட்டிலிருந்து வெட்டியது இல்லை என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பிறகு சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, மேலே சொன்ன மூன்றையும் கேட்டு, வனத்துறைக்கு ஒரு மனு. களக்காட்டில் காப்பகத்தின் துணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்த பிறகு வெட்டவும் ஏற்றவும் தேவையான அனுமதியை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், வியாபாரி பெயரில் வேண்டாம்.

சந்தனத்தைத் தொடாதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள். பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்க உங்களுக்கு உரிமை உண்டு, 2008-ல் அதற்கென்று விதிகளே வந்திருக்கின்றன. ஆனால் நீங்களாக வெட்ட முடியாது. வனத்துறைக்கு விண்ணப்பித்தால் அவர்கள் வந்து எடுத்து, கிடங்கில் ஏலம் விட்டு, செலவு போக உங்களுக்குத் தருவார்கள். பறவை எச்சத்தில் வந்து முளைத்த கன்றுகள் அவை, பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டித்தான் பிழைக்கும், அதனால் சுற்றியிருப்பதைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டால் சந்தனமும் வாடும். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள், வெளியே பேச வேண்டாம். பனைக்கும் அப்படியே: 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் வெட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன், எல்லைக்கு அதைவிட உறுதியான சாட்சி நம் சீமையில் ஏது?

இப்போது அந்த மேட்டு இரண்டு ஏக்கர். நீங்கள் அதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் ஏழு ஏக்கரில் அதுதான் பெரிய சொத்தாகப் படுகிறது. தேக்கை யாரும் நடலாம். வேங்கையும் உசிலையும் வாகையும் தானாக நின்று, கீழே அடுத்த தலைமுறைக் கன்றும் இருக்கிற அடிவாரத் துண்டு இன்றைக்குப் பட்டாவில் எத்தனை பேரிடம் இருக்கிறது? மழை மலையிலிருந்து இறங்கி வரும்போது முதலில் பிடித்து நிறுத்துவது அந்தத் துண்டுதான். உங்கள் கிணறு கோடையிலும் ஊறுகிறது என்றால் அதற்கும் இதில் பங்கு உண்டு. அங்கே பிரச்சினை உண்ணிச்செடி ஒன்றுதான். அதை ஜேசிபி விட்டு வழிக்காதீர்கள், மண்ணோடு கன்றும் போய்விடும், அடுத்த மழையில் உண்ணிச்செடியே இரட்டிப்பாக வரும். அரிவாளால் மேலாக வெட்டினாலும் அடியிலிருந்து தழையும். மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது, செடியின் அடியை மண்ணுக்குக் கீழே இரண்டு விரல், மூன்று விரல் ஆழத்தில், துளிர்விடுகிற கணுவுக்கும் கீழாக மண்வெட்டியால் வெட்டி, பிடுங்கிய தூரைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். காய் பழுக்கிறதுக்கு முன்னால் செய்யணும். பழத்தைத் தின்ற குருவிகள் உட்காருகிற மரத்தடியில் அடுத்த வருஷம் குப்பென்று முளைக்கும், அந்த இடங்களை மட்டும் இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து போய்க் கையால் பிடுங்கினால் போதும். ஒரே மூச்சில் இரண்டு ஏக்கரையும் எடுக்க வேண்டாம், அரை ஏக்கர் அரை ஏக்கராக. எடுத்த இடத்தில் என்ன கன்று தலைதூக்குகிறது என்று ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நட வேண்டிய அவசியமே வராது. வெற்றிடம் இருந்தால் ஐப்பசி மழையில் மருது, நாவல், புங்கம், மஞ்சக்கடம்பு, தான்றி. மணிமுத்தாறில் ஏட்ரீ என்கிற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் இருக்கிறது, பொதிகை மலை மரங்களைப் பற்றியும் உள்நாட்டு இனங்களைப் பற்றியும் அங்கே போய்ப் பேசலாம்.

தீதான் பெரிய பயம். தேக்கு தை, மாசியில் இலையைக் கொட்டிவிடும், ஒவ்வொரு இலையும் முறம் அளவு, பங்குனி வெயிலில் அப்பளம்போல் நொறுங்கும். பக்கத்து வயலில் அறுவடைத் தாளுக்குத் தீ வைத்தால் காற்றில் ஒரு பொறி போதும். மாசி பிறப்பதற்குள் நிலத்தைச் சுற்றிலும், தேக்குக்கும் மேட்டுக் காட்டுக்கும் நடுவிலும், பத்தடி அகலத்துக்கு இலை தழை இல்லாமல் செதுக்கிவிடுங்கள். கூட்டிய இலையை அங்கேயே கொளுத்தக் கூடாது, தேக்கு வரிசைக்குள் தள்ளி மண் மூடுங்கள், உரமாகும். கலைத்தபோது விழுந்த சுள்ளியையும் அப்படியே விடாமல் வெளியே எடுத்துவிடணும். புல் அதிகமானால் தையில் ஒரு கீதாரியிடம், அதாவது ஆட்டு மந்தைக்காரரிடம், பேசிக் கிடை போடச் சொல்லுங்கள்; ஆடு தேக்கிலையைச் சீந்தாது, புல்லை மேய்ந்து புழுக்கையும் போட்டுவிட்டுப் போகும். மேட்டுக் காட்டுக்குள் மட்டும் ஆடு வேண்டாம், கன்று ஒன்றுகூடத் தப்பாது.

மச்சான் சொல்கிற வாழை பற்றி. களக்காட்டு வாழைக்குப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பாசனத்தில், பச்சையாற்றுத் தண்ணீரில் வருகிற பயிர். நாலு ஏக்கருக்கு ஒரு கிணறு காணுமா என்று கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை வைத்து அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் வாழை குலையோடு சாயும், பன்றி வேறு கிழங்கைத் தோண்டும். பன்றிக்கு வேலி என்று யாராவது வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், அது மனுஷனையும் யானையையும் கொல்லும், குற்றமும்கூட. சூரிய மின்வேலிக்கும் காட்டை ஒட்டிய இடத்தில் வனத்துறையில் பதிய வேண்டும், 2023-ல் விதிகள் வந்துவிட்டன. வீட்டையும் கிணற்றையும் ஒட்டிய ஒரு ஏக்கரில் வாழை போட்டுப் பார்க்கட்டும். அம்மாவுக்கும் கைச்செலவுக்கு ஆகும்.

கார்பன் கம்பெனிக்கு இப்போதைக்குப் பதில் வேண்டாம். நாலு ஏக்கருக்கு வருகிற பணம் சொற்பம், ஒப்பந்தமோ பல வருஷத்துக்கு நிலத்தைக் கட்டிப்போடும், வெட்டும் உரிமையே கைவிட்டுப் போகலாம். முன்பணம் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு காரியத்துக்கு உதவும். வனத்துறையின் வன விரிவாக்க மையம்தான் முதல் படி: கன்று, நடவு, கலைத்தல் பற்றிய யோசனை எல்லாம் அங்கே கேட்கலாம், பட்டா நிலத்தில் மரம் வளர்ப்பதற்காக 2007 வாக்கிலேயே தனித் திட்டம் தொடங்கிய துறை அது. களக்காடு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் பற்றிக் கேளுங்கள். 2021-ல் வந்தது, வரப்பில் என்றால் ஏக்கருக்கு 50, வயலுக்குள் என்றால் 160 கன்றுவரை இலவசமாகத் தரும் ஏற்பாடு, உயிரோடு இருக்கிற கன்றுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்று வருஷம் தலா 7 ரூபாய் பராமரிப்புக்கும் உண்டு. உழவன் செயலியில் பதியலாம். இந்த வருஷ ஒதுக்கீடு எவ்வளவு என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், முந்திக்கொள்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். கலைத்த பிறகு வெற்றிடத்தில் என்ன ரகம் வைக்கலாம், மண் எதற்குச் சரி என்பதற்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும், கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும். இரண்டும் ஆராய்ச்சி இடம் என்று தயங்க வேண்டாம், விவசாயி கேட்டால் பதில் சொல்வார்கள். ஆனால் எந்த வாசலுக்குப் போனாலும் ‘எங்க நிலத்தில் என்ன செய்யலாம்’ என்று கேட்காதீர்கள். மூன்று கட்டத்து அளவு நோட்டையும் அ-பதிவேட்டையும் மேஜையில் வைத்து, ‘ஏக்கருக்கு இத்தனை மரம் நிற்கிறது, சராசரிச் சுற்றளவு இவ்வளவு, எத்தனை எடுக்கலாம்’ என்று கேளுங்கள். அப்போது கிடைக்கிற பதிலே வேறு.

சென்னையில் இருந்துகொண்டு காடு வைத்திருப்பது முடியாத காரியம் இல்லை. தேக்கு தினம் தண்ணீர் கேட்கிற பயிரா என்ன? சித்தப்பா மகனுக்குச் சும்மா பார்த்துக்கொள் என்று சொல்லாமல் விற்பனையில் ஒரு பங்கு என்று எழுதிக் கொடுங்கள், உறவும் கெடாது, பார்வையும் இருக்கும். நாலு மூலையிலும் ஒரு கல் ஊன்றி, மாதம் ஒரு தடவை அந்தக் கல்லில் நின்று உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; மரம் குறைந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் கார்த்திகையில் ஒரு தடவை குறி வைக்கவும், பொங்கலுக்கு வரும்போது வெட்டையும் தீத்தடுப்புக் கோட்டையும் பார்க்கவும் வந்தால் போதுமானது.

வியாபாரி மறுபடி வந்தால் அம்மா சொல்ல வேண்டியது இது மட்டும்: மகன் கார்த்திகையில் வருகிறான், நம்பர் போட்ட மரத்துக்குக் கன அடி விலை என்றால் தையில் வாருங்கள். கட்டத்து அளவுகளை எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், முதல் தடவை எத்தனை எடுக்கலாம் என்று கட்டம் வாரியாகக் குறித்துத் தருகிறேன்.